மருதாணிச் சிவப்பு நகரும் வேகம்

தீபாவளிக்கு முந்தின இரவு அம்மியில் அரைத்த மருதாணியை விரல் நுனியில் தொப்பி போட்டுக்கொண்டு தூங்கிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு தெரியும். உள்ளங்கைச் சிவப்பு இரண்டு வாரத்தில் வெளுத்துவிடும். நகத்துச் சிவப்பு வெளுக்காது, நகரும். கார்த்திகை தீபத்துக்குள் நகத்தின் அடியில் பிறை மாதிரி வெள்ளை எட்டிப் பார்க்கும். பொங்கலுக்குள் சிவப்பு பாதி நகத்தைத் தாண்டி நகர்ந்திருக்கும். மாசி பிறக்கையில் நுனியில் ஒரு கீற்றுதான் மிச்சம். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது, கால் நகம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

பிள்ளைகளின் நகச்சொத்தைக்கு வைத்தியம் தேடிய கதை முழுக்க இந்த நடைவேகத்தோடு நடத்திய போராட்டம்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நாகரசம்பட்டி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி வட்டாரத்தில் பாட்டிமார் கையாண்ட சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: நகச்சுத்தி. விரல் நுனி வீங்கி விண்விண்ணென்று தெறித்தால் எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகுவார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார்கள். மருதாணியை வைத்துக் கட்டுவார்கள். வெறும் நம்பிக்கை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மருதாணிக்குச் சிவப்பைத் தரும் லாசோன் என்ற பொருள் பூஞ்சையை அடக்குவதை ஆய்வுக்கூடங்கள் கண்டிருக்கின்றன. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நகத்தைச் சுற்றிய சதையில் சீழ் வைப்பது ஒரு நோய். வலியே இல்லாமல் நகம் மஞ்சளித்து, தடித்து, மாவு மாதிரி உதிர்வது இன்னொன்று, அதுதான் நகச்சொத்தை. முன்னது சில நாளில் உடைந்து ஆறும். பின்னது பூஞ்சை, நகத்துக்கு அடியில் குடியிருக்கும். மேலே பூசியது அங்கே போய்ச் சேராது.

அந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்த இடம் நமக்கு அதிக தூரமில்லை. 1903ல் கொழும்பு பாக்டீரியா ஆய்வு நிலையத்துக்கு வந்த இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி, தொடையிடுக்குப் படையிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சையை 1910ல் விவரித்தார். வளர்ப்புத் தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் திராட்சை ரசம்போலச் சிவந்திருக்கும். அதனால் 'ரூப்ரம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்று இன்று அழைக்கப்படும் அதுதான் உலகம் முழுக்க நகச்சொத்தைக்கு முதல் காரணம். காஸ்டெல்லானி பெயரில் பின்னாளில் ஒரு கருஞ்சிவப்புப் பூச்சு மருந்தும் வந்தது. ஆஸ்பத்திரியில் தடவிவிடும் ஊதா நிற ஜென்ஷன் வயலட், பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த விட்ஃபீல்டு களிம்பு என எல்லாமே மேற்பூச்சுகள். தோலுக்கு நன்றாகவே கேட்டன. நகம் அசையவில்லை.

அப்போது மிச்சமிருந்த வழி நகத்தைப் பிடுங்குவது. பிள்ளைக்கு அதைச் செய்ய எந்தத் தாய்க்கு மனம் வரும்? தலையில் படை வந்த குழந்தைகள் பட்டது இதைவிடக் கொடுமை. பாரிஸில் மருத்துவர் சபூரோ 1904ல் வகுத்த முறைப்படி எக்ஸ்ரே கதிர் காட்டி முடியை உதிர வைத்தார்கள். இஸ்ரேலில் 1950களில் அப்படிக் கதிர் வாங்கிய ஆயிரக்கணக்கான குழந்தைகளிடையே, பல ஆண்டு கழித்து மூளையிலும் தைராய்டிலும் கட்டிகள் கூடுதலாகக் காணப்பட்டன.

விடிவு ஒரு பூசணத்திலிருந்து வந்தது. 1939ல் லண்டனில் வேதியியலாளர் ரைஸ்ட்ரிக் குழுவினர் பெனிசிலியம் வகைப் பூசணம் ஒன்றிலிருந்து கிரிசியோஃபுல்வின் என்ற பொருளைப் பிரித்தார்கள். பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் வேர்ஹாம் மண்ணில் ஊசியிலை மரக்கன்றுகள் ஏன் தேறவில்லை என்று ஆராய்ந்த பிரையன் குழு, பூஞ்சை இழைகளைச் சுருள வைக்கும் ஒரு பொருளை 1946ல் கண்டது. இரண்டும் ஒன்றே என்பது மறு ஆண்டே தெரிந்தது. ஆனாலும் 1958 வரை அது பயிருக்கான சரக்காகவே கிடந்தது. அந்த ஆண்டு கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் என்ற ஆய்வாளர் படை வந்த கினிப்பன்றிகளுக்கு வாய்வழியே கொடுத்துக் குணமாக்கினார். உடனே மனிதர்களுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அது வேலை செய்யும் விதம் மருதாணிக் கணக்கேதான். மாத்திரை ரத்தத்தில் கலந்து, வேரில் புதிதாக உருவாகும் நகத்தில் போய்ப் படிகிறது. அந்த நகத்தில் பூஞ்சை வேர்விட முடியாது. நல்ல நகம் அடியிலிருந்து சொத்தையைத் தள்ளிக்கொண்டு வெளியேற்றும் வரை மருந்தை விடக்கூடாது. கைவிரலுக்கு ஆறு மாதம், கால்விரலுக்கு ஒரு வருடம், சிலசமயம் அதற்கும் மேல். கொழுப்புள்ள உணவோடு தின்றால்தான் உடம்பில் நன்றாகச் சேரும் என்பதால் பாலோடு கொடுக்கச் சொன்னார்கள். தினம் ஒரு மாத்திரை விழுங்க வைக்க ஒரு வருடம் பிள்ளையோடு மல்லுக்கட்டிய தாய்மாரும் இந்த வரலாற்றில் சேர்த்தி.

சென்னையில் அந்தக் காலத்தில் தோல் மருத்துவத்தைக் கட்டி எழுப்பியவர் மருத்துவர் ஏ.எஸ். தம்பையா. அவரும் மருத்துவர் கமலமும் சென்னைக் குழந்தைகளின் தலைப்படை பற்றியும் மற்றப் பூஞ்சை நோய்கள் பற்றியும் தொடர்ந்து எழுதிய ஆய்வுகள், நம் ஊரில் எந்தப் பூஞ்சை யாரைப் பிடிக்கிறது என்பதற்கு முதல் வரைபடம் மாதிரி அமைந்தன. நாகரசம்பட்டிக்காரருக்கு அந்த வசதியெல்லாம் எட்டாத தூரம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சேலம், இல்லையேல் பெங்களூரு. தர்மபுரியில் 2008ல் மருத்துவக் கல்லூரி வந்தது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான்.

1990களில் டெர்பினாஃபின் மாத்திரை வந்து ஒரு வருடத்தை வாரங்களாகச் சுருக்கியது: கைவிரலுக்கு ஆறு, கால்விரலுக்குப் பன்னிரண்டு. குழந்தைக்கு எடை பார்த்து அளவு. 20 கிலோவுக்குக் கீழ் 250 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, 40 வரை அரை.

குழந்தைகளுக்கு இந்த நோய் அபூர்வம். மேலை நாட்டுக் கணக்கெடுப்புகள் பெரும்பாலானவற்றில் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. அவர்கள் நகம் மெல்லியது, வேகமாக வளர்வது. அதனாலேயே வந்துவிட்டால் வீட்டாரின் காலையும் பார்க்க வேண்டும். ஓசூர், பர்கூர் சிப்காட்டுகளில் ஷிப்ட் முழுக்க ஷூவுக்குள் வேர்த்த அப்பாவின் கால், வீட்டுக்குள் அதே தரையில்தான் நடக்கிறது. அவருக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

கவலை தருவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். 2020ல் ஜப்பானில் இந்திய, நேபாள நோயாளிகளிடம் கண்டு பெயரிடப்பட்ட டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை, பல நேரம் டெர்பினாஃபினுக்கே அடங்குவதில்லை. இந்தியாவில் படை இப்படிப் பெருகியதற்கு இந்தக் களிம்புகளும் காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்லிவருகிறார்கள்.

இன்றும் முதல் வேலை, நகத்தைச் சுரண்டி எடுத்த துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. மெல்லிய இழைகள் தெரிந்தால்தான் மாத்திரை. சொரியாசிஸுக்கும் நகம் இப்படித் தடிக்கும். பிறகு சில மருத்துவர்கள் நல்ல நகமும் சொத்தையும் சந்திக்கும் இடத்தில் பிளேடால் ஒரு சின்னக் கோடு கீறிவிடுவார்கள். மாதாமாதம் அம்மா பார்க்க வேண்டியது அந்தக் கோட்டுக்குக் கீழே, விரலடியிலிருந்து எத்தனை அகலத்துக்கு வெளிர்சிவப்பு நகம் ஏறியிருக்கிறது என்பதை.