மடை திறந்து (ராப் பாடல்)

'மடை திறந்து' மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழு 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பில் உள்ள தமிழ் ராப் பாடல். யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகிய மூவரும் இதைப் பாடியுள்ளனர். கோலாலம்பூர்த் தமிழ் ராப்பைத் தமிழ்நாட்டு இளைஞர்களின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பாட்டு இதுவே எனலாம்.

பாட்டின் அடித்தளம் பழையது. பாரதிராஜா இயக்கிய 'நிழல்கள்' (1980) படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாடலிலிருந்து பல்லவி மெட்டை எடுத்துக்கொண்டார்கள். படத்தில் அது, வாய்ப்புத் தேடும் இளம் இசைக் கலைஞன் ஒருவனின் கனவு. அதே கனவை ராப் பாடகர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டது பொருத்தமான தேர்வு. வீட்டில் அப்பாவுக்கு இளையராஜா, பிள்ளைக்கு அமெரிக்க ராப்பர் டூபாக் என்று பிரிந்து கிடந்த ரசனையை ஒரே பாட்டில் உட்காரவைத்த சாமர்த்தியமும் அதில் இருக்கிறது.

தமிழில் ராப் அதற்கு முன்பே உண்டு. ஏ.ஆர். ரஹ்மானின் 'பேட்டை ராப்' ('காதலன்', 1994) சென்னைத் தமிழில் துள்ளியது. ஆனால் அது சினிமாவின் தேவைக்குப் பிறந்தது. மலேசியாவில் ராப் குழுக்களாக வளர்ந்தது. யோகி பி முதலில் 'பொயட்டிக் அம்மோ' குழுவில் இருந்தவர். 1998இல் வந்த அக்குழுவின் முதல் தொகுப்பு பல மொழிகளில் பாடியது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பேசும் தமிழில் மலாயும் ஆங்கிலமும் இயல்பாகக் கலந்திருக்கும். ராப்புக்கு அந்தப் பேச்சு கச்சிதமாகப் பொருந்தியது.

யாப்பு நோக்கில் இது தனியே கவனிக்கத்தக்கது. மரபுக் கவிதை அடியின் தொடக்கத்தில் எதுகையும் மோனையும் தேடும். ராப் அடியின் கடைசியில் இயைபு கேட்கும். தமிழ் வினைமுற்றுகள் இயைபை மலிவாகவே தந்துவிடும் என்பதால் சோம்பேறி ராப்பர்கள் அதோடு நின்றுவிடுவதுண்டு. இந்த மூவர் அடிகளின் நடுவிலும் ஓசையை மோதவிட்டார்கள்.

பாட்டின் தொனியை அக்காலத்துப் பிரிட்டிஷ் ராப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் 2004 ஜூலையில் 'தி ஸ்ட்ரீட்ஸ்' குழுவின் 'டிரை யுவர் ஐஸ்' வெளிவந்ததும் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. காதலி கைவிட்டுப் போகும்போது வார்த்தை கிடைக்காமல் தடுமாறும் ஒருவன், ஏறக்குறையப் பேச்சுக்குரலிலேயே சொல்லும் பாட்டு அது. அங்கே ராப் தன் வீறாப்பைக் கழற்றிவைக்கும் அளவுக்கு வேரூன்றியிருந்தது. இரண்டாண்டு கழித்து வந்த கோலாலம்பூர்ப் பாட்டில் காதல் தோல்விக்கு இடமே இல்லை. 'நாங்கள் யார் தெரியுமா' என்று மார்தட்டுவதுதான் அதன் வேலை. தமிழில் ராப் செல்லுமா என்ற சந்தேகம் தீராத காலத்தில் அழுவதற்கு அவகாசம் ஏது?

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை போன்ற இந்தியக் கடைத்தெருக்களில் ஒலிபெருக்கிப் பாட்டு இல்லாத தீபாவளிச் சந்தை கிடையாது. மலேசியத் தமிழ்ப் பாட்டின் செல்வாக்கை அளக்க பிரிட்டனைப் போல வாராந்தரப் பட்டியலை நம்புவதைவிட இத்தெருக்களில் நடந்து பார்ப்பது மேல்.

'மடை திறந்து' வந்த அடுத்த ஆண்டே யோகி பியைத் தமிழ்த் திரையுலகம் அழைத்துக்கொண்டது. 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017) ஆகிய படங்களில் அவர் பாடியிருக்கிறார்.