துருப்பிடிக்காத எஃகும் மலைநாட்டுத் தேயிலையும்

இலங்கை மலைநாட்டின் தேயிலை வரலாறு ஒரு துருவோடு தொடங்குகிறது என்று கூறின் அது மிகையன்று. 1869ஆம் ஆண்டில் கோப்பிச் செடியின் இலைகளில் செம்மஞ்சள் பொடிபோலத் தோன்றிய பூஞ்சண நோய்க்கு, நிறம் கருதித் துரு நோய் என்றே பெயர் வழங்கிற்று. அந்நோய் பரவியபின் கோப்பித் தோட்டங்கள் நிலைகுலைந்தன; அவ்விடத்தில் தேயிலை தழைத்தது. செடியைத் தின்ற துரு அத்துடன் நின்றது. தேயிலையுடன் வந்த துரு வேறு. அது இரும்பைத் தின்பது.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது தனியான தொழிற்சாலை இல்லை. அவருடைய பங்களாவின் தாழ்வாரமே தொழிற்சாலை. கொழுந்தை மேசைமீது கைகளால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் கம்பித் தட்டுகளில் இட்டு உலர்த்தினர். மண் அடுப்புக்குத் துருவென்னும் கவலை இல்லை. ஆனால் விளைச்சல் பெருகப் பெருக அவ்வடுப்பு போதாதாயிற்று.

அக்குறையை நீக்க முனைந்தோருள் முதன்மையானவர் சாமுவேல் டேவிட்சன். 1864இல் அயர்லாந்திலிருந்து கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த அவர், பின்னர் தாயகம் திரும்பி, 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தேயிலை உலர்த்தும் இயந்திரங்களுக்கான தொழிற்சாலையை நிறுவினார். ஆப்பிரிக்கப் பாலைநிலத்திலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயரான ‘சிரோக்கோ’ என்பதையே அவற்றுக்கு இட்டார். அதன் நெறி எளியது. இரும்புக் குழாய்களின் ஒரு புறத்தில் நெருப்பும் புகையும் செல்லும்; மறுபுறத்தில் தூய காற்று சூடேறித் தேயிலைத் தட்டுகளுக்குச் செல்லும். நெருப்புக்கும் தேயிலைக்கும் நடுவே நிற்பது அந்த இரும்புச் சுவர் ஒன்றே.

அச்சுவர் அரிக்கப்பட்டு ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் புகை தேயிலையைச் சேரும். அயல் மணத்தை எளிதில் பற்றிக்கொள்ளும் இயல்பு தேயிலைக்கு உண்டு. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் சுவைத்துப் பார்ப்போர், புகைமணம் ஏறிய தூளை நாவில் பட்டதுமே இனங்கண்டு விலையைக் குறைத்துவிடுவர். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே ஒரு குழாயின் துளை, பனியிலும் மழையிலும் சரிவுகளில் நின்று கொழுந்து பறித்த பலருடைய உழைப்பை வீணாக்கவல்லது.

இரும்பினால் நேரும் தீங்கு இன்னொன்றும் உண்டு. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்து எழுது மை காய்ச்சும் முறையைத் தமிழர் நன்கறிவர். கடுக்காயிலுள்ள துவர்ப்புப் பொருளும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கலந்தே கருமை பிறக்கிறது. தேயிலையின் துவர்ப்பும் இரும்போடு கூடினால் அவ்வாறே கறுக்கும். ஈரக் கொழுந்து துருவேறிய இரும்பைத் தொடலாகாது என்பதன் காரணம் இதுவே.

இவ்விரு இடர்களுக்கும் மருந்தாக வந்தது துருப்பிடிக்காத எஃகு. 1912இல் ஜெர்மனியின் குருப் ஆலையில் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகு உருவாயிற்று. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமிய எஃகை உருக்கினார். தமிழ் இல்லங்கள் இதற்கு ‘எவர்சில்வர்’ என்று பெயர் சூட்டின. நாளடைவில் தேயிலைத் தொழிற்சாலைகளிலும், இலை தொடும் பாகங்களுக்கு அது விரும்பி ஏற்கப்பட்டது.

அப்பெயர் தரும் உறுதி முழுதும் உண்மையா? அன்று. எஃகில் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலமாகிறது. தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கேயான அப்படலமே எஃகின் கவசம். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டவுடன் அது மீண்டும் தோன்றும். கவசம் மீளாத நிலை ஏற்பட்டால் உள்ளிருக்கும் இரும்பு வழக்கம்போல் துருவேறும்.

அந்நிலையை உண்டாக்குவன சில. முதலாவது உப்பு. கடற்காற்று எட்டாத நுவரெலியாவில் அது குறைவே. ஆயினும் குளோரின் கலந்த வெளுப்புத் தூளால் தட்டுகளைக் கழுவின் அதே தீங்கு நேரும். இரண்டாவது இரும்புக் கம்பித் தேய்ப்பான். அதன் துகள்கள் ஒட்டி நின்று, தாமும் துருவேறி எஃகையும் கறைப்படுத்தும். மூன்றாவது மிகு வெப்பம். பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கொண்ட வழக்கமான எஃகு, ஏறத்தாழ 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் நெடுநேரம் நின்றால், குரோமியம் கரியோடு கூடி உலோக மணிகளின் விளிம்புகளில் ஒதுங்குகிறது. அவ்விளிம்புகளை அடுத்த இடங்கள் கவசமிழக்கின்றன. பற்றவைத்த மூட்டுகளின் அருகே துரு தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். உலரும் தேயிலையைத் தொடும் காற்றின் சூடு 100 பாகையை ஒட்டியதே. ஆதலால் தட்டுகளுக்கு இவ்வச்சம் இல்லை. நெருப்பை நேரே தாங்கும் பாகங்களுக்கே உண்டு.

மலைநாட்டுக்குச் சிறப்பாக உரிய பகை நான்காவது: ஈர விறகு. நன்கு காயாத விறகின் புகையில் நீராவியும் காடிப் புளிப்பும் மிகுதி. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர் இரவில், நெருப்பு அணைந்த குழாய்களில் அப்புகை பனித்துளியாய்ப் படிந்து, சாம்பலோடு கலந்து உலோகத்தை அரிக்கும். சாம்பலும் புகைக்கரியும் மூடிய இடத்தில் காற்றுப் படாமையால் கவசமும் மீளாது.

ஆகவே, வாங்கும் உலோகத்தின் பெயரைவிடப் பேணும் கையே பெரிது. விறகைக் கூரையின்கீழ் அடுக்கிக் காயவைத்தல், சாம்பலை நாள்தோறும் அகற்றுதல், குழாய்களைக் காலந்தோறும் தட்டியும் விளக்கிட்டும் நோக்குதல், நெருப்பைத் தாங்கும் பாகத்துக்கு ஏற்ற எஃகைத் தேர்தல் ஆகியன மிகுந்த பொருட்செலவு வேண்டாத காவல்கள். களிமண் அடுப்பிலிருந்து எவர்சில்வர் தட்டு வரை மலைநாடு கடந்த வழி நெடியது. அவ்வழி முழுவதும் தேயிலையின் மணத்தைக் காத்தவர், உலையருகே விழித்திருந்து நெருப்பையும் இரும்பையும் அறிந்து நடத்திய தொழிலாளரே ஆவர்.