தக்காளி விலை எகிறினாலும் வரத்து ஏன் உடனே கூடுவதில்லை? ‘அளிப்பு நெகிழ்ச்சி’ சொல்லும் கணக்கு

2023 ஜூலையில் தக்காளி வாங்கப் போனவர்களுக்கு அந்த விலை இன்னும் மறந்திருக்காது. பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சில இடங்களில் 200-ஐயும் தொட்டது. அந்த மாதச் சில்லறைப் பணவீக்கக் கணக்கின்படி, முந்தைய ஆண்டு ஜூலையைவிடத் தக்காளி விலை சுமார் 200% கூடியிருந்தது. அதாவது, மூன்று மடங்கு.

இவ்வளவு விலை கிடைக்கும்போது விவசாயிகள் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கொண்டுவந்து விற்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். விலை கூடினால் அளிப்பு கூடும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? பாடம் தப்பில்லை. ஆனால் எவ்வளவு கூடும், எத்தனை நாளில் கூடும் என்பதை அந்த ஒரு வரி சொல்வதில்லை. அதைச் சொல்வது அளிப்பு நெகிழ்ச்சி.

கணக்கு எளிதுதான். விற்பனைக்கு வரும் அளவு எத்தனை சதவீதம் மாறியதோ அதை, விலை மாறிய சதவீதத்தால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, கிலோ 20 ரூபாயாக இருந்தது 40 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 100% உயர்வு. சந்தை வரத்து 100 டன்னிலிருந்து 110 டன் ஆகிறது. 10% உயர்வு. வகுத்தால் 0.1. விடை 1-க்கு மேல் இருந்தால் நெகிழ்ச்சி அதிகம், கீழே இருந்தால் குறைவு. 0.1 என்றால், விலை இரட்டிப்பாகியும் சரக்கு பெரிதாக அசையவில்லை என்று அர்த்தம்.

செடிக்கு அவசரம் தெரியாது

நாற்று விட்டு, பிடுங்கி நட்டு, முதல் காய் பறிக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். இன்று விலையைப் பார்த்து நாற்று விடுகிறவரின் தக்காளி இந்த வாரச் சந்தைக்கு வராது. செடியில் இப்போது இருக்கிற காய்தான் இன்றைய அளிப்பு. அதையும் வாரக்கணக்கில் வைத்திருந்து விற்க முடியாது, அழுகிவிடும். ஆக, ஒரு வாரக் கணக்கில் தக்காளியின் அளிப்பு நெகிழ்ச்சி கிட்டத்தட்ட பூஜ்ஜியம். நான்கு மாதக் கணக்கில் பார்த்தால் கதையே வேறு. பொருளியலறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே, அளிப்பைப் பேசும்போது காலத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று வலியுறுத்தியது இதனால்தான்.

2023-ல் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். மே மாத வாக்கில் மகாராஷ்டிரத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலை. பலர் பயிரை அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு வெயில், நோய், மழை எல்லாம் சேர்ந்துகொண்டன. ஜூலையில் விலை உச்சத்துக்குப் போனது. அதைப் பார்த்துப் பல பகுதிகளில் ஒரே சமயத்தில் நடவு கூடியது. செப்டம்பரில் வரத்து குவிந்தபோது, ஆந்திரத்தின் கர்னூல் பகுதியில் கிலோ சில ரூபாய்க்குக்கூட ஆளில்லாமல் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். விலைக்கு அளிப்பு பதில் சொல்லத்தான் செய்தது. ஆனால் தாமதமாக, எல்லோரும் ஒரே நேரத்தில்! பாடப்புத்தகங்கள் இதைச் சிலந்தி வலைச் சுழற்சி என்கின்றன.

இடையில் மத்திய அரசு கூட்டுறவு அமைப்புகள் வழியாக டெல்லி உள்ளிட்ட நகரங்களில் முதலில் கிலோ 90 ரூபாய்க்கு விற்று, ஆகஸ்டில் 40 வரை குறைத்தது. தமிழ்நாடு அரசு சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. நேபாளத்திலிருந்து இறக்குமதியும் நடந்தது. வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் உதவிதான். நடவுக்கும் அறுவடைக்கும் இடையிலான மூன்று மாதத்தை மட்டும் எதுவும் சுருக்கவில்லை.

வெங்காயம் வேறு ரகம்

உருளைக்கிழங்குக்குக் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. ராபி பருவ வெங்காயத்தைக் காற்றோட்டமான கொட்டகையில் சில மாதம் வைக்கலாம். விலை ஏறினால் எடுத்து விற்கலாம் என்பதால், குறுகிய காலத்தில் தக்காளியைவிட இவற்றின் நெகிழ்ச்சி அதிகம்.

ஆனால் வெங்காயத்தில் வேறு சிக்கல். 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40% வரி வந்தது, டிசம்பரில் ஏற்றுமதிக்கே தடை. அது 2024 மே மாதம்தான் நீங்கியது. உள்ளூர் விலையைக் கட்டுப்படுத்த இது கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் நல்ல விலை வரும்போதெல்லாம் கதவு மூடப்படும் என்று கண்டுகொண்ட விவசாயி, அடுத்த விலையேற்றத்தை நம்பிப் பரப்பைக் கூட்டுவாரா? இன்றைய விலையை அடக்கும் நடவடிக்கை, நீண்ட கால நெகிழ்ச்சியைக் குறைக்கக்கூடும். இந்த விலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கடை விலை ஏறினால் அது முழுதாக வயலுக்குப் போவதுமில்லை. ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, தக்காளிக்கு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 பைசா. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37.