காவற்படை வீரன் கண்ட கொழும்பு

நகரமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குச் சான்றுகள் பல்வகையாற் கிடைக்கின்றன. கல்வெட்டு, அரசாங்க ஏடு, காணிப்பதிவு, சமயத் தொண்டரின் கடிதம், வணிகரின் கணக்கு என்பன அவற்றுட் சில. இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பிறிதொரு சான்றும் உண்டு. நகரைக் காத்தற்கென அனுப்பப்பட்டு, அங்கே சில ஆண்டுகள் தங்கியிருந்த படைவீரர் எழுதிய நூல்களே அவை. கொழும்பு மாநகரின் பழைய தோற்றத்தை நாம் அறிவதற்கு இவ்வகை நூல்கள் பெரிதும் துணைபுரிகின்றன. ஆயினும் அவற்றை எவ்வளவிற்கு நம்பலாம், எவ்விடத்தில் ஐயுறல் வேண்டும் என்பது ஆராயற்பாலது. கப்டன் றொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படையாளரின் நூலை முதன்மையாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

பேர்சிவலுக்கு முன்னரே இத்தகைய நூலெழுதிய படைவீரர் இருந்தனர். 1640 ஆம் ஆண்டில் ஈழத்துக்கு வந்த போர்த்துக்கேய வீரரான யோவான் றிபெய்றோ அவர்களுள் ஒருவர். கொழும்பை ஒல்லாந்தர் முற்றுகையிட்ட காலத்தில் அவர் மதிலின் உள்ளே இருந்தார். 1655 ஆம் ஆண்டின் இறுதியில் இறுகிய அம்முற்றுகை 1656 மே மாதத்திலேயே முடிந்தது. பசியும் நோயும் நகரை அழித்தன. உணவு போதாமையால் வெளியே துரத்தப்பட்ட சுதேச மக்களை ஒல்லாந்தர் திரும்பவும் மதிலை நோக்கி விரட்டினர். இரு படைகளுக்கும் இடையில் அவர்கள் மடிந்தனர். சரணடைந்த நாளிற் கோட்டையை விட்டு வெளியேறிய வீரர் எழுபத்துமூவரே என்று றிபெய்றோ எழுதுகின்றார். மதிலுக்கு வெளியே ஒல்லாந்தர் படையிற் பணியாற்றிய யோகான் யாக்கோப்பு சார் என்னும் யேர்மானியரும் தாம் கண்டவற்றை 1662 இல் நூலாக வெளியிட்டார். எனினும் இவ்விருவரும் கண்டது போரிடும் நகரமாகும். அமைதிக் காலத்துக் கொழும்பை ஆறுதலாக நடந்து பார்த்தெழுதும் வாய்ப்பு, நூற்றுநாற்பது ஆண்டுகளின் பின்னர்ப் பேர்சிவலுக்குக் கிடைத்தது.

பேர்சிவல் 1765 இற் பிறந்தவர். 1795 இல் நன்னம்பிக்கை முனையைக் கைப்பற்றச் சென்ற ஆங்கிலப் படையில் இருந்தவர். 1797 இல் ஈழத்துக்கு வந்து, 1800 வரையில் இங்குத் தங்கினார். அவரது நூல் 1803 இல் இலண்டனில் வெளியாயிற்று. அவர் வந்தபோது கொழும்பு ஆங்கிலேயர் கைப்பட்டு ஓராண்டளவே சென்றிருந்தது. 1795 ஆகத்தில் திருகோணமலையும், செத்தெம்பரில் யாழ்ப்பாணமும், 1796 பெப்புருவரியிற் கொழும்பும் வீழ்ந்தன. கரையோரப் பகுதிகளைச் சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கொம்பனியார் ஆண்டனர். 1798 இற் பிறெடெறிக் நோர்த் தேசாதிபதியாக வந்து சேர்ந்தார். எனவே பேர்சிவல் கண்டது, ஒல்லாந்தர் கட்டிய வீடுகளில் ஆங்கிலேயர் குடியேறிக்கொண்டிருந்த ஒரு நகரம்.

படையாளனின் கண் முதலிற் செல்வது மதிலுக்கும் துறைமுகத்துக்குமே. கொழும்புக் கோட்டை கடலினுள் நீண்ட நிலமுனையில் அமைந்திருந்தமையும், அதன் நிலப்புறத்தை வாவி காத்துநின்றமையும் பேர்சிவலின் நூலில் விளக்கமாகக் கூறப்பட்டுள. கண்ணாடிச் சாளரம் பொருத்திய ஒல்லாந்தர் வீடுகளைக் கண்டு, இந்தியப் பகுதிகளிலுள்ள வேறெந்தக் கோட்டையினும் இஃது ஐரோப்பிய நகரத்தை ஒத்தது என அவர் கருதினார். கோட்டைக்கு வெளியே கடைகளும் குடிகளும் நெருங்கிய புறக்கோட்டை. அப்பாற் கறுவாத் தோட்டங்கள். ஒல்லாந்தரைப் போரிற்கு அழைத்தது இக்கறுவாவே என்பதை அவர் மறந்தாரல்லர்.

இனி, மழையைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். யாழ்ப்பாணத்தார்க்குச் சோளகம் வறண்ட காற்று. புழுதியை வாரிக்கொண்டு வருவது. அதே தென்மேற் காற்றுக் கொழும்புக் கரையை அடையுங்கால் மழையாய்ப் பொழிகின்றது. மே மாதத்திலும், மீண்டும் ஒற்றோபர், நவெம்பர் மாதங்களிலும் அங்கு மழை மிகுதி. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர்; யாழ்ப்பாணத்தில் அதன் பாதியளவே. அலைதாங்கி கட்டப்படாத அக்காலத்தில் கொழும்புத் துறை திறந்த கடலாகவே கிடந்தது. தென்மேற் காற்று வீசுங்கால் பெருங்கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு நிற்றல் இடராயிற்று. ஆகவே கப்பலில் வந்து போகும் பயணிகள் நல்ல பருவத்துக் கொழும்பையே கண்டனர். காவற்படையினரோ மழைக்காலத்திலும் அங்கேயே இருந்தாக வேண்டியவர்கள். பேர்சிவலின் நூலுக்குள்ள தனிப்பயன் இதனாலும் விளைந்ததெனலாம்.

திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பைப் பெரிதும் போற்றிய பேர்சிவல், அவ்விடம் படைவீரரின் உடல்நலத்துக்கு மிகக் கொடியது என்றும் எழுதினார். கொழும்பையோ நலமுடைய இடமாகக் கொண்டார். அக்கால மருத்துவர் காட்டிலும் சதுப்பிலும் இருந்து எழும் தீய காற்றே காய்ச்சலுக்குக் காரணமென நம்பினர். அவ்வாறாயின் மழையும் ஈரமும் மிக்க கொழும்பு நோய் மிகுந்ததாய் இருந்திருத்தல் வேண்டுமன்றோ? நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897 இல் றொனால்ட் றொஸ் கண்டுபிடித்த பின்னரே இதன் உண்மை விளங்கலாயிற்று. ஈழத்தில் இந்நோயைப் பரப்பும் நுளம்பு, ஆறு வற்றித் தேங்கிய குட்டைகளிற் பெருகுவது. இடையறாத மழையால் ஆறுகள் ஓடிக்கொண்டிருக்கும் ஈரவலயத்தில் அதற்கு இடம் குறைவு. 1934 இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது, மலேரியாக் கொள்ளைநோய் ஈரவலயத்தின் ஓரங்களையும் தாக்கி எண்ணற்றோரைக் கொன்றது. பேர்சிவல் கண்ட வேறுபாடு மெய்யானது. அக்காலத்தார் கூறிய காரணம் மட்டுமே தவறானது. கண்டதையும் கருதியதையும் பிரித்தறிய வேண்டுமென்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

நகர மக்களைப் பற்றிய பகுதியும் அவ்வாறே பிரித்துக் கற்கத்தக்கது. இத்தனை மொழிகளும் சமயங்களும் பழக்கங்களும் கலந்த பிறிதோர் ஊர் உலகில் இல்லை எனும்படி கொழும்பை அவர் காண்கின்றார். சிங்களவர், மலபாரிகள் என ஐரோப்பியர் அழைத்த தமிழர், சோனகர், மலாயர், ஒல்லாந்தர், போர்த்துக்கேய வழியினர் முதலியோர் அங்கே வாழ்ந்தனர். இவர்களிடையே பொதுமொழியாய் வழங்கியது திரிந்த போர்த்துக்கேய மொழியாகும். போர்த்துக்கேயரின் ஆட்சி 1656 இல் அந்நகரில் ஒழிந்தது. அதன்பின் நூற்றுநாற்பது ஆண்டு ஒல்லாந்தர் ஆண்டும், அவர்தம் மொழி தெருவுக்கு வரவில்லை. தோற்றவரின் மொழியே சந்தையிலும் சமையற்கட்டிலும் நிலைத்தது. தெருவிற் சென்று காது கொடுத்துக் கேட்டவர்க்கன்றி இவ்வுண்மை புலப்படாது.

ஆனால், மக்களின் குணங்களைப் பேசப் புகுந்தவுடன் பேர்சிவலின் எழுத்து வேறாகின்றது. சிங்களவர் சோம்பர், மலாயர் கொடியர், ஒல்லாந்தர் புகையிலையிலும் சாராயத்திலும் மூழ்கியவர் என இனம் இனமாகத் தீர்ப்பளிக்கின்றார். ஒல்லாந்தர் கொழும்பை எளிதில் இழந்தமைக்கு அவர்தம் ஒழுங்கீனத்தையே பெருங்காரணமாகக் காட்டுகின்றார். வேறு காரணங்களும் இருந்தன. 1795 இற் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தினுள் நுழைந்தது; அந்நாட்டின் தலைவர் இங்கிலாந்துக்கு ஓடினார்; தேசாதிபதி வான் ஆங்கெல்பேக் யாருடைய ஆணைக்குக் கீழ்ப்படிவதென்று தடுமாறும் நிலை உண்டாயிற்று. கொழும்பைக் காத்த படையின் முக்கிய பகுதியாயிருந்த த மெயுறோன் என்னும் சுவிற்சலாந்துப் படைப்பிரிவு, ஹியூ கிளெகோண் என்பாரின் முயற்சியால் அதே ஆண்டில் ஆங்கிலேயர் பக்கம் மாறியது. வென்றவரின் படையைச் சேர்ந்தவர் தோற்றவரின் குடியை எளிதிற் காண்பர். தோல்விக்குரிய அரசியலை அவ்வளவு எளிதிற் காணார். இனங்களைப் பற்றிய அவர் தீர்ப்புக்களை அவ்வினங்களின் வரலாறாகக் கொள்ளாது, ஆங்கிலப் படையாளரின் மனப்பாங்குக்குச் சான்றாகக் கொள்வதே முறை. இவ்வேறுபாட்டை உணராது, அத்தகைய தீர்ப்புக்களை மேற்கோளாக அடுக்கிச் செல்வது மாணாக்கர் விலக்க வேண்டிய குறையாகும்.

இன்னுமொன்று நம் சிந்தனைக்குரியது. 1796 இற் கொழும்பைக் கைப்பற்றிய படையில் ஆங்கிலேயர் மட்டும் இருந்தாரல்லர். சென்னைப் படையின் சிப்பாய்களும் இருந்தனர். தமிழரும் தெலுங்கரும் முசுலிம்களும் அவருள் அடங்குவர். பேர்சிவல் நனைந்த அதே மழையில் அவர்களும் காவல் நின்றனர். அதே புறக்கோட்டையில் அரிசி வாங்கினர். அங்கே தமிழ் பேசும் செட்டிகளையும் சோனகரையும் கண்டனர். பேர்சிவல் மொழி தெரியாது கடந்துசென்ற எத்தனையோ பேச்சுக்கள் அவருட் பலர்க்கு விளங்கியிருக்கும். ஆயினும் அவர்கள் கண்ட கொழும்பு இலண்டனில் அச்சேறவில்லை. நகரத்தை அறிந்தவர் அனைவரும் எழுதினாரல்லர். எழுதினவர் அனைத்தையும் அறிந்தாரல்லர். எழுதாதவரின் வாழ்வை அறிய நாம் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற தோம்புகளையும், தேவாலயப் பதிவேடுகளையும், நொத்தாரிசு உறுதிகளையும், தெருப் பெயர்களையும் நாடல் வேண்டும். வாவியின் நடுவேயிருந்த பகுதியை ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்றனர். தமிழரோ கொம்பனித்தெரு என்றனர். ஓரிடத்தின் இரு பெயர்கள் இரு வரலாறுகளைக் கூறுகின்றன.

பேர்சிவல் அளந்து கண்ட நகரம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. 1870 ஆம் ஆண்டை ஒட்டிக் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1885 இல் நிறைவெய்திய அலைதாங்கி, இடர்மிகுந்த துறையைப் பெருந் துறைமுகமாக்கியது. காலித் துறையின் பெருமை அதனாற் குன்றிற்று. தெருவெங்கும் ஒலித்த போர்த்துக்கேய மொழி கொழும்பை விட்டகன்று, மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் சிலரிடையே எஞ்சியது. டெல்வ்ற் வாயிலின் பகுதியும், 1757 இல் திறக்கப்பெற்ற வுல்வெண்டால் தேவாலயமும் இன்றும் காணத்தக்கன. ஏனையவற்றைக் காண விழைவோர் அக்காவற்படை வீரனின் நூலையே துணைக்கொள்ள வேண்டியவராவர். மதிலையும் மழையையும் தெருவொலியையும் பற்றி அவன் கூறுவதை நன்றியோடு ஏற்போம். நம் முன்னோரின் குணத்தைப் பற்றி அவன் கூறுவதை ஏனைய சான்றுகளோடு வைத்து ஆராய்ந்த பின்னரே கொள்வதோ தள்ளுவதோ செய்வோம். ஈழத்தின் வரலாற்றை ஈழத்தவர் எழுதுங்கால் மேற்கொள்ளத்தக்க நெறி இதுவேயாம்.