மெஸ்ஸியே வழங்காத எண்

ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளின் ஒளிப்படத்தை உற்றுநோக்கின், அதன் அருகே நீள்வட்டமாய் ஒரு மங்கிய ஒளித்திட்டு தென்படும். 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள அக்குறுந்திரள், ஆண்ட்ரோமீடாவின் துணைத்திரள்களுள் ஒன்று. இன்று அதனை மெஸ்ஸியே 110 என அழைக்கிறோம். அந்த எண்ணை மெஸ்ஸியே வழங்கவில்லை என்பது பலர் அறியாதது.

பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெஸ்ஸியே வால்வெள்ளி தேடியவர். வால்வெள்ளியெனப் பிறரை மயக்கக்கூடிய மங்கிய பொருள்களைத் தொகுத்துப் பட்டியலிட்டார். 1773 ஆகஸ்டு 10இல் இக்குறுந்திரளையும் அவர் கண்டார். ஆயினும் 1781இல் வெளிவந்த இறுதிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அது இடம்பெற்ற அவரது வரைபடம் 1807இல்தான் அச்சேறியது.

இடைப்பட்ட காலத்தில், 1783 ஆகஸ்டு 27 அன்று, இங்கிலாந்தில் கரோலின் ஹெர்ஷல் அதனைக் கண்டறிந்தார். பாடகியாகப் பயின்ற அவர், தம் தமையன் வில்லியமுக்குத் துணையாக வானியலுக்கு வந்தவர். கையிலிருந்ததோ தமையன் செய்து கொடுத்த சிறு தொலைநோக்கி. பட்டியலில் இல்லாத ஒன்றை முன்னவர் கண்டிருந்தார் என அவர் அறிய வழியேது? ஆகவே அவரது கண்டுபிடிப்பை இரண்டாந்தரமானதாக நாம் கருதுவதற்கில்லை. வில்லியமும் தம் 1785ஆம் ஆண்டுக் கட்டுரையில், இதனைக் கண்டவர் தம் தங்கையே எனத் தெளிவாகப் பதிவு செய்தார். 1787 முதல் கரோலினுக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு அரச ஊதியம் கிடைத்தது. 1828இல் இலண்டன் வானியல் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது.

1888இல் டிரேயர் வெளியிட்ட புதிய பொதுப் பட்டியலில் இத்திரள் 205ஆம் எண் பெற்றது. அந்த எண்ணுடனேயே அது வானியல் வரலாற்றில் மற்றொரு முறை முன்னுக்கு வந்தது. போர்க்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விளக்குகள் மங்க, மவுண்ட் வில்சன் வானம் இருண்டது. அங்கிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியையும் செந்நிற ஒளியை உணரும் படத்தகடுகளையும் கொண்டு, வால்டர் பாடே இக்குறுந்திரளின் விண்மீன்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார். ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியையும் அவ்வாறே படமெடுத்தார். இரண்டிலும் மிகுந்த ஒளியுடையவை நீல விண்மீன்கள் அல்ல, சிவப்பு விண்மீன்களே. விண்மீன்களை இரு வகைத் தொகுதிகளாகப் பகுக்கும் கருத்தை 1944இல் அவர் முன்வைக்க இது அடிப்படையாயிற்று.

1967இல் கென்னத் கிளின் ஜோன்ஸ், மெஸ்ஸியேயின் வரைபடத்தைச் சான்றாகக் கொண்டு, 110ஆம் எண்ணை இதற்கு முன்மொழிந்தார். வானியலார் அதனை ஏற்றனர். மெஸ்ஸியே முதலில் கண்டது உண்மை, அதில் ஐயமில்லை. ஆனால் அவர் பட்டியலில் சேர்க்காததை அவர் பெயராலேயே அழைக்கிறோம். கண்டதும் பதிவாகச் செய்தவரின் பெயரோ அதில் இல்லை.