ராபர்ட் மோசஸ்

ராபர்ட் மோசஸ் (1888–1981) நியூயார்க் மாநகரின் பாலங்கள், விரைவுச்சாலைகள், பூங்காக்கள் பலவற்றைக் கட்டி எழுப்பிய அதிகாரி. தேர்தலில் வென்று எந்தப் பதவிக்கும் வந்தவரல்லர். 1934இல் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுப் படுதோல்வி கண்டார். ஆயினும் மேயர்களும் ஆளுநர்களும் நெடுங்காலம் அவரை அனுசரித்தே போனார்கள்.

1924இல் லாங் தீவு மாநிலப் பூங்கா ஆணையத்தின் தலைவரானார். 1929இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் கடற்கரைப் பூங்கா பெரும்புகழ் தந்தது. 1934இல் மாநகரப் பூங்காத் துறையும் அவர் கைக்கு வந்தது. 1936 கோடையில் மட்டும் 11 பொது நீச்சல் குளங்கள் திறக்கப்பட்டன.

அவருடைய செல்வாக்கின் ஊற்று, அவர் தலைமை வகித்த ட்ரைபரோ பால வாரியம். பாலத்தைக் கடந்த வண்டிகள் கட்டிய சுங்கம் வாரியத்துக்கே சேர்ந்தது. பாலம் கட்ட வாங்கிய கடன் அடைந்ததும் வாரியம் கலைந்திருக்க வேண்டும். மோசஸோ சட்டத்தைத் திருத்தவைத்து, பழைய கடன் தீருமுன்பே புதிய கடன் பத்திரங்கள் வெளியிட வழிசெய்துகொண்டார். பத்திரம் வாங்கியோருடன் செய்த ஒப்பந்தத்தைக் குலைக்க அமெரிக்க அரசியலமைப்பு சட்டமன்றத்தையும் விடுவதில்லை. வாக்காளர் கைக்கு எட்டாத கருவூலம் இப்படித்தான் உருவானது.

கண்டனங்களில் கடுமையானது குறுக்கு பிராங்க்ஸ் விரைவுச்சாலை பற்றியது. 1952 டிசம்பரில் ஈஸ்ட் டிரெமான்ட் பகுதியினருக்கு, 90 நாளில் வீட்டைக் காலி செய்யுமாறு கடிதம் வந்தது. அந்த ஒரு மைலில் மட்டும் சுமார் 1,500 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. குரோட்டோனா பூங்கா ஓரமாகத் தடத்தைச் சற்றே திருப்பினால் பெரும்பாலான வீடுகள் தப்பும் என்று குடியிருப்போர் மாற்றுத் திட்டம் கொடுத்தும் பலிக்கவில்லை. கீழ் மன்ஹாட்டன் விரைவுச்சாலையையோ, எழுத்தாளர் ஜேன் ஜேகப்ஸ் உள்ளிட்டோர் நடத்திய போராட்டம் தடுத்து நிறுத்தியது. 1968இல் வாரியம் மாநிலப் போக்குவரத்து ஆணையத்துடன் இணைக்கப்பட, அவரது அதிகாரமும் முடிந்தது.

ராபர்ட் காரோ 1974இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு மோசஸின் பெயரைப் புரட்டிப்போட்டது. ஏழைகளும் கறுப்பினத்தவரும் பேருந்தில் கடற்கரைக்கு வராதிருக்கவே பூங்காச் சாலைகளின் மேம்பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார் என்பது அதில் அதிகம் பேசப்பட்ட குற்றச்சாட்டு. அத்தகைய சாலைகளில் பேருந்துகளுக்கு எப்படியும் அனுமதியில்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்தனர். மோசஸைப் பற்றி 2007இல் நடந்த கண்காட்சிகளையொட்டி கென்னத் ஜாக்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள், மோசஸ் இன்றியும் மற்ற அமெரிக்க நகரங்கள் இதே பாதையில்தான் சென்றன என்று வாதிட்டனர். குரோட்டோனா பூங்கா ஓரம் திருப்ப மறுத்தது எதற்காக என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடை இல்லை.