பட்டறை ஓரத்து டிசைன் ஸ்டுடியோ: ஓசூர் எல்லையிலிருந்து ஒரு வாதம்

1877இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பு ஒரு கட்டடக் கலைஞரிடம் வந்தது. ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம் பொறுப்பேற்றபோது சேப்பாக்கம் கடற்கரையில் அவருடைய செனட் ஹவுஸ் இன்னும் முடியவில்லை; 1874இல் தொடங்கிய வேலை 1879 வரை நீண்டது. திருவனந்தபுரத்தில் 1880இல் கட்டி முடிந்த நேப்பியர் அருங்காட்சியகமும் அவருடையதுதான். கேரளத்துத் தச்சர்களின் கூரைக் கட்டுமானத்தை அவர் எவ்வளவு கூர்ந்து படித்திருந்தார் என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி. 1883 வரை அவருக்குப் பள்ளி ஒரு கையிலும் கட்டட வேலை மறு கையிலுமாக இருந்தது.

கட்டடக் கலைஞர் கலைப்பள்ளியில் டிசைன் ஸ்டுடியோ நடத்துவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு இங்கேதான் விடை தேட வேண்டும். சுண்ணாம்பு எப்போது இறுகும், மரச்சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும், கொத்தனார் எந்த இடத்தில் மறுப்பார் என்பதெல்லாம் வேலை நடத்துகிறவரோடு சேர்ந்தே வகுப்புக்குள் வரும். அப்படிப்பட்ட ஸ்டுடியோவுக்கு இன்றைய தமிழ்நாட்டில் மிகப் பொருத்தமான இடம் ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிஷோம் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்தப் பள்ளி காலனி அரசின் தேவைக்கு வளர்ந்தது. கைவினைஞர் அங்கே கற்றார், செய்தார். என்ன செய்வது என்று முடிவெடுத்தவர் வேறு. லாகூர் மேயோ கலைப்பள்ளி இதில் சற்று மேலானது. தச்சு வேலையிலிருந்து வந்த பாய் ராம் சிங், அப்பள்ளியின் முதல்வர் லாக்வுட் கிப்ளிங்கிடம் மாணவராக இருந்து, கட்டடக் கலைஞராகி, பிறகு அந்தப் பள்ளிக்கே முதல்வரானார். விக்டோரியா அரசியின் ஆஸ்போர்ன் மாளிகையில் உள்ள தர்பார் மண்டபம் அவர் வடிவமைத்தது. பட்டறையிலிருந்து வந்தவருக்கும் ஸ்டுடியோவின் தலைமை நாற்காலி கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஜெர்மனியில் 1919இல் வால்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய பௌஹௌஸ், இந்த ஏற்பாட்டை விதியாகவே வைத்தது: ஒவ்வொரு பட்டறைக்கும் வடிவம் சொல்லித்தர ஓர் ஆசான், கைத்தொழில் சொல்லித்தர ஓர் ஆசான். அங்கே தனியாகக் கட்டடக் கலைத் துறை வந்ததே 1927இல்தான்.

தமிழ்நாட்டில் நடந்தது பாகப்பிரிவினை. 1957ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைத் துறை தொடங்கியது. அதே ஆண்டு மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிக்கூடம் திறந்தது. முதலாவதற்கு வரைபலகை, இரண்டாவதற்கு உளி. மாமல்லபுரத்தில் நெடுங்காலம் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதி, கற்பித்துக்கொண்டே கட்டியவர். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும், 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திறந்த 133 அடி வள்ளுவர் சிலையும் அவர் படைப்புகள். சிலையின் பீடம் 38 அடி; அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். மேலே 95 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்கள். நூலின் கணக்கு கல்லின் கணக்காக மாறும் இந்த வேலையைக் கட்டடக் கலை மாணவர்கள் படிக்கும் ஸ்டுடியோ பாடமாக்க யாரும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் இரு கல்விகளுக்கும் இடையே எழுந்த சுவர் இன்றும் உயரமாகவே நிற்கிறது. நிறுவனங்கள் தனித்தனியாகப் பிறந்ததால் எழுந்த சுவர் இது. பாடத்திட்டத்தில் ஒரு தாளைக் கூட்டினால் இடிந்துவிடாது.

ஓசூருக்கு வருவோம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு. ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டை, டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன். மறுபுறம் கிருஷ்ணகிரி வரை கிரானைட் குவாரிகளும் பாலிஷ் பட்டறைகளும். கிராமங்களில் வயலைச் சுற்றிக் கல் கால் நட்டுக் கம்பி இழுத்திருப்பார்கள். பழைய வீடுகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் கற்பலகையே கூரை. மல்லசந்திரத்துக் குன்றில் நிற்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் இதே பலகைக் கல்லால் ஆனவைதான்.

இந்தப் பலகையை எடுக்கும் பழைய முறையை எந்த டிசைன் வகுப்பிலும் முதல் பாடமாக வைக்கலாம். இதே மேட்டுநிலத்தில், பெங்களூர்ப் பக்கத்தில் நடந்ததைப் பற்றி 1895இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு குறிப்பு வந்தது. பாறையின் மேல் விறகை ஒரு கோடாக அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் மேல்தோல் விரிந்து அடிப்பாறையிலிருந்து பிரியும். சம்மட்டியால் தட்டிப் பார்த்து, ஓசை மாறினால் விரிசல் அதுவரை ஓடிவிட்டது என்று அறிந்து, நெருப்பை மெல்ல முன்னே நகர்த்துவார்கள். கடைசியில் சில அங்குலக் கனத்தில் அகன்ற பலகை கழன்று கிடைக்கும். எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்லும்.

கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அதனால் பலகையின் நீளமே அறையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது வேறு. ஒரு கொட்டகையை அளந்து, அதன் உத்தரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறித்து, ஏன் இவ்வளவுதான் என்று கல்தச்சரிடமே கேட்டு வருவது வேறு. அப்படி அளந்துவந்த மாணவரின் ஷீட்டில் கோடு தானாகவே நிதானப்படும்.

தொழிற்பேட்டைக்கு வேண்டியது தகரக் கூரை ஷெட், அதற்குக் கலைப்பள்ளி எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஓசூரின் வரலாறே அதற்கு எதிராக நிற்கிறது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், கைக்கடிகாரத்தை நேரம் பார்க்கும் கருவி என்ற நிலையிலிருந்து வடிவத்துக்காக வாங்கும் பொருளாக மாற்றியது. அந்த நிறுவனம் தன் ஊழியர் குடியிருப்புக்கு அழைத்தது சார்ல்ஸ் கொரியாவை. இயந்திரத் துல்லியமும் நல்ல வடிவமும் இந்த ஊரில் ஏற்கெனவே கைகோத்திருக்கின்றன. கல்விதான் பின்தங்கியிருக்கிறது. ஓசூர் அதியமான் கல்லூரியில் கட்டடக் கலைப் படிப்பு உண்டு, ஆனால் பொறியியல் கல்லூரியின் ஒரு பிரிவாக. நுண்கலை படிக்க விரும்பும் பிள்ளை சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும், இல்லையென்றால் எல்லை தாண்டிப் பெங்களூருக்கு. அங்கே 1996இல் தொடங்கிய சிருஷ்டி போன்ற கலைப்பள்ளிகளில் கட்டண வாசலைத் தாண்ட எல்லாக் குடும்பத்தாலும் முடியாது.

அரசு நுண்கலைக் கல்லூரியின் கிளை ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கினால், அதன் ஸ்டுடியோவை வேலை நடத்தும் ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு கல்தச்சரும் சேர்ந்தே நடத்த வேண்டும். இருவருக்கும் மதிப்பெண் போடும் உரிமை இருக்க வேண்டும். இறுதி ரிவ்யூவில் பாலிஷ் பட்டறைக்காரரும் டூல் ரூம் ஃபோர்மேனும் உட்கார வேண்டும். ஆசிரியர் தகுதியைப் பட்டத்தால் மட்டுமே அளக்கும் விதி இதற்குக் குறுக்கே நிற்கும். கைத்தொழில் ஆசான் என்ற பதவியைச் சம்பள விகிதத்தோடு உருவாக்காமல் அதைக் கடக்க முடியாது. கல் அறுக்கும் இடத்துத் தூசு நுரையீரலைத் தின்னும் என்பதால் தண்ணீர் விட்டு அறுக்கும் ஏற்பாடும் முகமூடியும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும், மாணவருக்கு மட்டுமல்ல, அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்கும்.